சின்ன வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது யார்?

சின்ன வீடு என்றால் வெள்ளை அடி. (சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரவும். இங்கே சின்ன வீடு என்பது சதுர அடியில் சின்ன வீடு.) இதைச் சொல்லாத ஆளே கிடையாது. வீட்டுக்காரர் சொல்கிறார், புரோக்கர் சொல்கிறார், பெயிண்ட் கடைக்காரர் சொல்கிறார், உள் அலங்காரப் பத்திரிகைகள் வழவழ தாளில் படம் போட்டுச் சொல்கின்றன. வெள்ளை அடித்தால் இடம் பெரிதாகத் தெரியுமாம். 10-க்கு 12 அறைக்கு வெள்ளை அடித்தால் கிடைப்பது வெள்ளையான 10-க்கு 12 அறை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே முழங்கால் இடிப்பது அப்படியேதான் இருக்கும்.

இந்த நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அது கொடிகட்டிப் பறக்கிற ஊர் பெர்லின். வேடிக்கை என்னவென்றால், சின்ன வீட்டுக்கு அடர் நிறம் அடிப்பதை ஒரு கொள்கையாகவே வைத்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் செய்து காட்டிய ஊரும் அதே பெர்லின்தான். இந்தக் கூத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதலில் அந்த வீடுகள். பெர்லினில் ஆல்ட்பாவ் என்று ஒரு வார்த்தை உண்டு. பழைய கட்டடம் என்று பொருள். பெரும்பாலும் 1870-களிலிருந்து முதல் உலகப்போர் வரை கட்டிய 5 மாடி வரிசைகள். வாடகை விளம்பரத்தில் இந்த வார்த்தை இருந்தால் ஆட்கள் பறக்கிறார்கள். உயரமான கூரை, பலகைத் தரை, இரட்டைச் சன்னல், கூரையோரத்தில் பூவேலை. தெருப்பக்கம் பார்த்தால் அரண்மனை. அந்த அரண்மனைக்குப் பின்னால் ஒரு முற்றம், அதன் பின்னால் இன்னொரு கட்டடம், அதன் பின்னால் இன்னொரு முற்றம். 1853-இல் வந்த கட்டட விதியின்படி முற்றம் 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும். அதென்ன கணக்கு? தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். மனுசனுக்கு வெயில் வேண்டும் என்பது விதி எழுதியவர் ஞாபகத்திலேயே இல்லை போலிருக்கிறது. 1887 வரை இந்த அளவுதான். 5 மாடி உயரத்துக்கு நடுவே 5 மீட்டர் அகலம் என்றால் அதற்குத் தமிழில் கிணறு என்று பெயர்.

இந்தக் கிணற்றைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளில் இரண்டு வகை அறைகள் பிரசித்தம். ஒன்று, ‘பெர்லின் அறை’ என்றே பெயர் வாங்கியது. முன் கட்டடமும் பக்கவாட்டுக் கட்டடமும் சேரும் மூலையில் இருக்கும். பெரிய அறைதான், ஆனால் முற்றத்து மூலையைப் பார்த்து ஒரே ஒரு சன்னல். போதாததற்கு எல்லாரும் அதன் வழியாகத்தான் பின் அறைகளுக்குப் போக வேண்டும். இரண்டாவது, ‘அரை அறை’. 10 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த ஊர்க் கணக்கில் அது முழு அறை இல்லை, அரை அறை. அகலம் 2 மீட்டர் சொச்சம், உயரம் 3 மீட்டருக்கு மேல். செங்குத்தாக நிறுத்தி வைத்த தீப்பெட்டி.

இந்த இரண்டுக்கும் பொது வைத்தியமாக வெள்ளையைத்தான் பூசுகிறார்கள். அதுவும் சும்மா வெள்ளை இல்லை. ராவ்ஃபாசர் என்று ஒரு காகிதம். மரத்தூள் கலந்து சொரசொரவென்று இருக்கும். 1864-இல் ஹூகோ எர்ஃபூர்ட் என்கிற மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தது. அதைச் சுவரில் ஒட்டி, மேலே வெள்ளை அடித்து, அடுத்து குடிவருகிறவர் இன்னொரு வெள்ளை, அதற்கடுத்தவர் இன்னொன்று என்று அடுக்கடுக்காய்ப் பூசியிருப்பார்கள். ஜெர்மனியில் வாடகை வீட்டுச் சுவர் என்றாலே பெரும்பாலும் இதுதான். உலர்ந்த ரவா உப்புமாவை அப்பி வைத்தது போல இருக்கும்.

வெள்ளை என்ன செய்யும் என்பதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். விழுகிற ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வெளிர் கூரை உயரமாகத் தெரியும் என்று மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் இங்கே கேள்வி என்ன? வந்து விழுகிற ஒளியைத்தான் சுவர் திருப்பி அனுப்ப முடியும். மூலைச் சன்னல் வழியே வராத ஒளியை எங்கிருந்து அனுப்பும்? வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரிவதில்லை, சாம்பலாகத் தெரிகிறது. மூலைகளில் அழுக்குச் சாம்பல். டிசம்பர் கடைசியில் பெர்லினில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது, மாலை 4 மணிக்கு இருட்டிவிடும். வேலைக்கோ வகுப்புக்கோ போய் வருகிறவர் தன் வீட்டைப் பார்ப்பதே விளக்கு வெளிச்சத்தில்தான். மஞ்சள் விளக்கின் கீழே அடர் பச்சையோ செங்கல் சிவப்போ உயிரோடு இருக்கும். வெள்ளை, வடித்த கஞ்சி.

கூரை உயரமாகத் தெரிய வேண்டும் என்கிற வாதம் இன்னும் மோசம். 3 மீட்டருக்கு மேல் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள அறையில் குறை என்ன? உயரம் போதவில்லை என்றா குறை? அங்கே பிரச்சினையே உயரம்தான். ஏற்கெனவே நெட்டையாய் நிற்கிறவனுக்கு ஹை ஹீல்ஸ் வாங்கிக் கொடுத்து அழகு பார்ப்பதா? கூரைக்கு அடர் நிறம் அடித்து, அதே நிறத்தைச் சுவரில் ஒரு முழம் இறக்கிக் கொண்டுவந்தால் தீப்பெட்டி படுத்துக்கொள்ளும். அறை அறையாகும்.

அடுத்த வாதம் ஒன்று வரும், கொஞ்சம் பண்பாட்டு முலாம் பூசியது. பழைய வீட்டின் அழகைக் கெடுக்கக் கூடாது, அதன் அசலான எளிமையை வெள்ளைதான் காப்பாற்றும் என்று. அசலாவது! அந்த வீடுகள் கட்டிய காலத்தில் வசதியானவர்களின் முன் அறைகளில் அடர்த்தியான பூப்போட்ட சுவர்க் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கூரையில் நிறம் தீட்டினார்கள். பலகைத் தரைக்கு ‘மாட்டு ரத்தம்’ என்று பெயர் வைத்த செம்பழுப்பு வார்னிஷ் அடித்தார்கள். ஏழை வீடு, பணக்கார வீடு என்றில்லாமல் பெர்லின் முழுக்க இந்தச் செம்பழுப்புத் தரை இருந்தது. இன்றைக்கு ஆல்ட்பாவ் வாங்குகிறவர் முதல் வேலையாக இயந்திரம் வைத்து அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுக்கிறார். வெளிறிய பலகை, வெளிறிய சுவர், வெளிறிய சோபா. எடுத்த படத்துக்குக் கீழே ‘அசல் பழமை’ என்று தலைப்பு வேறு.

இப்போது புரூனோ டவுட். பெயரில்தான் டவுட். நிறம் விஷயத்தில் அந்த ஆளுக்கு டவுட்டே இருந்ததில்லை :-)

டவுட் 1880-இல் பிறந்த கட்டடக் கலைஞர். மேலே சொன்ன கிணற்று வீடுகளின் சாம்பல் நிறத்தை ஜென்மப் பகையாக நினைத்தவர். பெர்லின் ஓரத்தில் 1913-இல் அவர் தொடங்கிய ஃபால்கன்பெர்க் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிறம். ஊர்க்காரர்கள் அதற்கு ‘பெயிண்ட் பெட்டிக் காலனி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். போர் முடிந்து நாடே ஓட்டாண்டியாய் இருந்த 1919-இல் நிறமுள்ள கட்டடங்கள் வேண்டும் என்று ஓர் அறைகூவல் வெளியிட்டார். பல கட்டடக் கலைஞர்கள் கூடவே கையெழுத்துப் போட்டார்கள். அதன் சாரம் ரொம்ப எளிமையானது. சிற்ப வேலைப்பாடு மாதிரி நிறம் விலை உயர்ந்தது இல்லை. காசில்லாத காலத்தில் ஏழை வீட்டை அழகாக்க மிச்சம் இருக்கிற ஒரே வழி அதுதான். சுண்ணாம்பிலோ பசையிலோ குழைத்து அடிக்கும் பூச்சில் கொஞ்சம் நிறப்பொடி கலக்க என்ன பெரிய செலவு?

வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. 1925-இலிருந்து பிரிட்ஸ் பகுதியில், மார்ட்டின் வாக்னரோடு சேர்ந்து, குதிரை லாட வடிவில் ஒரு குடியிருப்பு. ஏறத்தாழ 2,000 வீடுகள். அதில் சாலையோரம் ஒரு நீண்ட வரிசை முழுக்க ரத்தச் சிவப்பு. லாடத்தில் நீலம். அடுத்து, அங்கிள் டாம்ஸ் கேபின் என்று பெயர் கொண்ட குடியிருப்பு. (பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு உணவு விடுதி இருந்ததால் வந்த பெயர்.) அங்கே காலை வெயில் படும் சுவர்களுக்குப் பச்சை, மாலை வெயில் படும் சுவர்களுக்குச் செம்பழுப்பு. மக்கள் வைத்த பெயர், கிளிக் குடியிருப்பு. கிண்டல்தான், ஆனால் பொருத்தமான கிண்டல்.

இங்கே முக்கியமானது கார்ல் லெகியன் குடியிருப்பு. 1928 முதல் 1930 வரை கட்டியது. நகரத்துக்கு நடுவே, நெருக்கடியான மனையில், 1,100-க்கும் மேல் வீடுகள். பெரும்பாலும் சின்ன வீடுகள். தெரு குறுகலாய்த் தெரியக் கூடாது என்று டவுட் கையில் எடுத்தது வெள்ளையை இல்லை. தெருப்பக்கம் முழுக்க வெயில் மஞ்சள். முற்றத்துப் பக்கங்களுக்குச் செம்பழுப்பும் நீலமும் பச்சையும். இடத்தை அகலமாகக் காட்டும் வித்தை நிறத்துக்குத் தெரியும், அதற்கு வெள்ளைதான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போய்ப் பார்க்கலாம், இன்றும் நிற்கிறது.

வீட்டுக்கு உள்ளேயும் அந்த மனிதர் விடவில்லை. 1924-இல் ‘புதிய வீடு’ என்று ஒரு புத்தகம் எழுதினார். சாமான்களைக் குறை, மேசையில் அடுக்கிய பொம்மைகளைத் தூக்கிப் போடு, சுவரில் படங்களை மாட்டித் தள்ளாதே, சுவரே நிறமாக இருக்கட்டும். தன் சொந்த வீட்டை பெர்லினுக்குத் தெற்கே 1926-இல் கட்டத் தொடங்கியபோது தெருப்பக்கச் சுவருக்குக் கறுப்பு அடித்தார். ஆமாம், கறுப்பு. உள்ளே கலப்படமில்லாத அடர் நிறங்கள். 1927-இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த புகழ்பெற்ற கட்டடக் கண்காட்சியில் மற்றவர்கள் வெள்ளையும் வெளிரும் கட்டி நிறுத்தியபோது, டவுட் கட்டிய வீடு உள்ளும் புறமும் கொழுந்துவிட்டு எரிந்தது. கூட இருந்த மேதாவிகள் முகம் சுளித்தார்கள்.

அந்த மேதாவிகளில் ஒருவரான லெ கொர்புசியே கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. வீடெல்லாம் வெள்ளை அடிக்கச் சட்டம் வேண்டும் என்கிற பாணியில் 1925-இல் புத்தகத்தில் எழுதியவர் அவர். அதே சமயத்தில் போர்தோ பக்கம் பெஸ்ஸாக் என்ற ஊரில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீடுகளுக்குப் பழுப்பும் நீலமும் பச்சையும் அடித்துக்கொண்டிருந்தார். 1931-இல் ஒரு சுவிஸ் சுவர்க் காகிதக் கம்பெனிக்கு 43 நிறங்கள் தேர்ந்து கொடுத்தார். 1952-இல் மார்செயில் முடித்த அடுக்குமாடியில் ஒரு வீட்டின் அகலம் 3.66 மீட்டர்தான். அந்த ஒடுங்கிய வீடுகளின் பால்கனிப் பக்கச் சுவர்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். வெள்ளைக்குச் சட்டம் கேட்டவரே கட்டும்போது கைவிட்ட கொள்கையை இன்னும் பிடித்துத் தொங்குகிறவர்களை என்ன சொல்ல?

டவுட் 1933-இல் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டி வந்தது. ஜப்பான், பிறகு துருக்கி. 1938-இல் இஸ்தான்புல்லில் செத்துப்போனார். இங்கே அவருடைய நிறங்கள் மங்கின, பல இடங்களில் மேலேயே வேறு பூச்சு ஏறியது. பின்னாளில் ஆட்கள் சுவரை அடுக்கடுக்காய்ச் சுரண்டிப் பார்த்துத்தான் அசல் நிறத்தைக் கண்டுபிடித்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ பெர்லினின் 6 குடியிருப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 4 டவுட் கைவைத்தவை.

அதே 2008-இல் இன்னொன்றும் நடந்தது. வாடகைக்கு இருக்கும் காலத்திலும் வெளிர் நிறம்தான் அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரவாயில்லையே என்று கைதட்டப் போனால், 2013-இல் அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. ஒரு குடும்பம் 2007-இல் புதிதாய் வெள்ளை அடித்த வீட்டுக்குக் குடிபோனது. சில சுவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் அடித்து வாழ்ந்தது. 2009-இல் அப்படியே திருப்பிக் கொடுத்தது. வீட்டுக்காரர் சுமார் 3,650 யூரோ செலவழித்துத் திரும்ப வெள்ளை அடித்துவிட்டு வழக்குப் போட்டார். முழுத்தொகையும் அவர்கள் தலையில் விழவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஏற்காத நிறத்தில் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது வீட்டுக்காரருக்குச் செய்த சேதம்தான், நஷ்டஈடு உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேதம்! ஓட்டை போடவில்லை, உடைக்கவில்லை, நீலம் அடித்தார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமும் டவுட் பயன்படுத்தினால் உலகப் பாரம்பரியம், வாடகைக்காரர் பயன்படுத்தினால் சேதம்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கலாம். வாங்கியது போலத் திருப்பிக் கொடு என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். கோபம் அதில் இல்லை. அந்தக் கடைசி நாளை நினைத்து முதல் நாளிலிருந்தே பயந்து வாழ்கிறார்களே, அதில்தான் கோபம். பெர்லினில் 10-இல் 8 வீடுகளுக்கு மேல் வாடகை வீடுகள். குடிவரும்போதே 3 மாத வாடகை வரை முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அது திரும்பி வர வேண்டும். அதனால் 5 வருடம், 10 வருடம், சிலர் 20 வருடம்கூட, ‘அடுத்து வரப்போகிறவருக்குப் பிடிக்கும்’ நிறத்துக்குள் வாழ்கிறார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைத்துத் தானே போட்டுக்கொண்டு திரிவது மாதிரி. வெள்ளை இடத்தைப் பெரிதாக்குகிறது என்ற பேச்சின் அடியில் இருப்பது கண்ணின் கணக்கு இல்லை, வீட்டுக்காரரின் கணக்கு. ஒரு நாள்கூடக் காலியாக நிற்காமல் அடுத்த ஆளுக்குக் கைமாற்ற வெள்ளை வசதி. அது அவருடைய வசதி, சரி. அதை அழகு என்று ஏன் அடுத்தவர் ஒப்பிக்க வேண்டும்? ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளும் இதையே கற்றுக்கொண்டு, 12 சதுர மீட்டர் அறையில் நாலு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள்.

இதில் நடுநிலையாளர்கள் என்று ஒரு கோஷ்டி உண்டு. மூன்று சுவர் வெள்ளை, ஒரு சுவர் மட்டும் கலர். ‘ஆக்சென்ட் வால்’ என்று பெயர். இலையில் சோறு போடாமல் ஓரத்தில் ஊறுகாய் மட்டும் வைத்த கதை. சின்ன அறையில் இது வெள்ளையைவிடக் கேடு. நாலு சுவரும் ஒரே நிறமாய் இருந்தால் கண் மூலைகளை மறந்துவிடும், அறையின் எல்லை எங்கே என்று எண்ணிக்கொண்டிருக்காது. ஒரு சுவரை மட்டும் சிவப்பாக்கினால் அது எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, இதோ பார் உன் அறை இவ்வளவுதான் என்று விரல் நீட்டும். அடிப்பதென்றால் நாலையும் அடிக்க வேண்டும். அரை அறையில் கூரையையும், கதவையும், சன்னல் சட்டத்தையும், அந்த அசிங்கமான வெப்பக் குழாயையும் சேர்த்து அடிக்க வேண்டும். பெர்லின் அறைக்கு இருட்டோடு மல்லுக்கட்டாமல் அடர் பச்சையோ, கருநீலமோ, கத்திரிக்காய் நிறமோ கொடுத்து, மூலைக்கு மூலை சின்ன விளக்கு. வெள்ளை வேண்டுமென்றால் கூரையோரப் பூவேலைக்கு மட்டும். அடர் சுவருக்கு மேலே இருந்தால்தான் அந்தப் பூவும் இலையும் கண்ணுக்கே தெரியும். வெள்ளைக்கு மேல் வெள்ளை அடித்து அதை நூறு வருடம் மறைத்தாயிற்று.

முன்பணம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு: வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ் காலம் அங்கே வழக்கமாக 3 மாதம். கடைசி மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. தரைக்குப் பழைய செய்தித்தாள், நீளக் கம்பு போட்ட ரோலர், நிறம் ஊறி வெளியே வராமல் தடுக்கிற அடிப்பூச்சு ஒன்று, மேலே வெள்ளை இரண்டு கோட்டிங். ஆள் உதவிக்கு இரண்டு நண்பர்கள், அவர்களுக்குச் சாப்பாடு. சொரசொரப்பு காகிதத்தின் பள்ளங்களில் நீலம் எட்டிப் பார்க்கும், அங்கே மட்டும் பிரஷ்ஷால் இன்னொரு முறை.